கால அட்டவணையின் கதாநாயகன்

ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ 1966-ல் ஆனந்த விகடனில் வெளிவந்தபோது எழுந்த சண்டை பிரசித்தமானது. அந்தப் பெண் கெட்டாளா, கெடவில்லையா. தாயார் தலையில் தண்ணீரைக் கொட்டியதோடு விஷயம் தீர்ந்ததா, தீரவில்லையா என்று எத்தனையோ பேர் எழுதினார்கள். ஆனால் அவள் மழையில் நின்றது பஸ்ஸுக்காக என்பதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொண்டு யாரும் வாதாடியதாக நான் படித்ததில்லை. காரில் வந்தவனுக்கு நேரம் அவன் கையில் இருந்தது. அவளுக்கு நேரம் பஸ்ஸின் கையில் இருந்தது. கதை பிறந்ததே அந்த வித்தியாசத்தில்தான் என்பது என் கட்சி.

பொதுவாக நம் கதைகளில் பஸ் ஒரு திரைச்சீலை. அதன் முன்னால் யாராவது யாரையாவது பார்ப்பார்கள், பிரிவார்கள். வண்டி யாருக்காக ஓடுகிறது என்று கதாசிரியர் கேட்பதில்லை. ஆனால் பஸ்ஸின் கால அட்டவணையும் ஒருவர் உட்கார்ந்து எழுதியதுதானே? எழுதினவர் மனத்தில் ஒரு கதாநாயகன் இருந்திருக்க வேண்டும். சென்னையைப் பொறுத்தவரை அவனை அடையாளம் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. காலை ஒன்பதுக்குப் போய் மாலை ஐந்துக்குத் திரும்புகிறவன். புறநகரில் வீடு, நகரத்துக்குள் ஆபீஸ், கையில் ஒரு பை. 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே மின்சார ரயில் ஓடத் தொடங்கியதே, அது அவனை வளர்த்து ஆளாக்கியது. அதில் தப்பு ஒன்றுமில்லை. சீசன் டிக்கெட் இல்லாவிட்டால் நம்மில் பாதிக் குடும்பங்கள் இன்று இருக்கிற நிலையில் இருந்திருக்க மாட்டா. ரயிலில் கதை படிக்கிற வழக்கமும் இவ்வளவு வளர்ந்திராது.

ஆனால் அவன் ஒன்பது மணிக்குப் புறப்பட வேண்டுமானால் வீட்டில் ஏழு மணிக்குள் பாத்திரம் தேய்த்தாக வேண்டும், வாசல் பெருக்கியாக வேண்டும். அதைச் செய்கிற பெண் ஐந்தரை மணிக்கு வழியில் இருக்க வேண்டும். தன் வீட்டில் உலை வைத்து, தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுத்தான் அவளும் கிளம்ப முடியும். கதாநாயகனின் பஸ் அவளுடைய பஸ்ஸைப் பின்தொடர்ந்துதான் ஓடுகிறது. அட்டவணையில் மட்டும் அவளைக் காணோம். அவள் போக்கும் நேர்க்கோடாக இருப்பதில்லை. மூன்று தெருக்களில் மூன்று வீடு, நடுவே ரேஷன் கடை, பிறகு பள்ளிக்கூட வாசல். நாலு துண்டாகப் போகிறவளுக்கு ஒவ்வொரு துண்டும் ஒரு புதுப் பிரயாணம், ஒரு புதுக் காத்திருப்பு.

இவர்களில் பலர் முன்பு பிரயாணிகளே அல்ல. கூவம், அடையாறு ஓரங்களில் குடிசை போட்டுக்கொண்டு வேலை வீட்டுக்கு நடந்தே போய் வந்தவர்கள். 2000-ஆம் ஆண்டிலிருந்து அவர்களைக் கண்ணகி நகருக்கும், பிற்பாடு செம்மஞ்சேரிக்கும், பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். 2015 வெள்ளத்துக்குப் பின் இது இன்னும் மும்முரமாக நடந்தது. புதுச் சுவர் கெட்டியானது. வெள்ளம் வந்து அடித்துப் போகாது. ஆனால் சிந்தாதிரிப்பேட்டையில் வேலை செய்தவளுக்குப் பெரும்பாக்கம் 20 கிலோமீட்டருக்கு மேல். வீடு கொடுத்தவர்கள் ஒரு நடையை ஒரு யாத்திரையாக்கிவிட்டதைக் கணக்கில் எழுதிக்கொள்ளவில்லை. வேலையை விட்டவர்கள் அநேகம். விட்டது சம்பளத்தை மட்டுமல்ல. பத்து வருஷம் பழகிய வீட்டம்மா அவசரத்துக்குக் கைமாற்றாகக் கொடுக்கிற ஐந்நூறு ரூபாயும் அதோடு போயிற்று.

2021 மே மாதம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் வேண்டாம் என்று அரசாங்கம் உத்தரவு போட்டது. இதைக் கேலி செய்தவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பஸ் காசுக்குப் புருஷனிடம் கை நீட்ட வேண்டியதில்லை என்பது குடும்பத்துக்குள் எவ்வளவு பெரிய மாறுதல் என்று கேலி செய்த ஆண்களுக்குத் தெரிய நியாயமில்லை. நாலு துண்டுப் பிரயாணத்துக்கு நாலு டிக்கெட் என்ற தண்டனையும் ஒழிந்தது. சலுகையில் எனக்குத் தெரிகிற குறை வேறு. அது பெண்ணோடு ஒட்டிக்கொள்ளவில்லை. பஸ்ஸின் பலகையோடு ஒட்டிக்கொண்டது. டீலக்ஸ் வண்டி வந்தால் அவள் ஒதுங்கி நின்று அதை அனுப்பிவிட்டு அடுத்ததைப் பார்க்க வேண்டியதுதான். மிச்சமான காசை அவள் நிமிஷங்களாகத் திருப்பிக் கொடுக்கிறாள். காசைத் தள்ளிக் கொடுப்பது கஜானாவால் முடிகிற காரியம். விடியற்காலை ஐந்தரைக்கு ஒரு வண்டியும் ஒரு டிரைவரும் ஒரு கண்டக்டரும் தயாராக நிற்பதற்கு வேறு வகையான அக்கறை வேண்டும்.

ரயில்காரர்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1995-ல் தொடங்கி 2007-ல் வேளச்சேரியை எட்டிய பறக்கும் ரயிலுக்கு அரண்மனை போல நிலையங்கள் கட்டினார்கள். இருட்டினால் பெண்கள் தனியாக ஏறப் பயப்படுகிற அரண்மனைகள். 2015-ல் வந்த மெட்ரோ, ஒரு பெட்டியை இரட்டைக் கட்டணத்துக்குச் ‘சிறப்பு வகுப்பு’ என்று ஒதுக்கியது. ஒரே தண்டவாளம், ஒரே வேகம், ஒரே குளிர். பக்கத்தில் யார் உட்காரக்கூடாது என்பதற்குத்தான் அந்த அதிகப்படிக் காசு. பிறகு அந்தப் பெட்டியைப் பெண்களுக்கு விட்டார்கள்.

படிக்கட்டைப் பற்றி மட்டும் சொல்லியாக வேண்டும். ஊனமுற்றோர் ஏறக்கூடிய விதமாகப் பஸ்களையும் ரயில் பெட்டிகளையும் அமைக்க வேண்டும் என்று 1995-லேயே இந்தியாவில் சட்டம் வந்துவிட்டது. ஆனால் பொருளாதார சக்திக்கு உட்பட்டு என்று ஒரு வார்த்தையையும் அதில் சேர்த்து வைத்தார்கள். அந்த வார்த்தையின் நிழலில் பஸ்ஸின் படி இடுப்பு உயரத்திலேயே சுகமாக இருந்தது. கோர்ட்டு வரைக்கும் போய் வழக்காடின பிறகு, 2024 ஆகஸ்டில் சென்னையில் ஒரு தொகுதிப் புதிய தாழ்தள பஸ்கள் தெருவுக்கு வந்தன. சக்கர நாற்காலிக்காரர்கள் போராடி வாங்கிய வண்டியில் முழங்கால் வலிக்காரப் பாட்டியும், பிள்ளையை இடுப்பில் வைத்திருப்பவளும், கீரைக்கட்டு சுமப்பவளும் சிரமமில்லாமல் ஏறலாம். அவர்களுக்காக யாரும் வழக்குப் போட்டிருக்கவில்லை. ஆனால் வண்டி நடைபாதையை ஒட்டி வந்து நின்றால்தானே தாழ்தளத்தால் பயன்? நிறுத்தத்தில் ஆட்டோவும் மோட்டார் சைக்கிளும் இடத்தைப் பிடித்துக்கொண்டால் பஸ் நடுத்தெருவில்தான் நிற்கும். பாட்டி முதலில் நடைபாதையிலிருந்து தெருவில் இறங்கி, சாக்கடை மூடியைத் தாண்டிப் போய்த்தான் அதில் ஏற வேண்டும்.