பவானியின் மௌனம்

மணிரத்தினத்தின் 'ஓ காதல் கண்மணி' (2015) திரைப்படத்தில் வரும் பவானி, கருநாடக இசை வல்லவர். அல்சைமர் நோயால் நினைவு தேய்ந்து வருபவர். லீலா சாம்சன் அப்பாத்திரத்தை மிகையின்றி நடித்துள்ளார். கணவர் கணபதியாக வரும் பிரகாஷ்ராஜின் பரிவும் நெஞ்சைத் தொடுகிறது. எனினும் பவானியின் மறதியை நாம் பெரும்பாலும் கணபதியின் கண்வழியே காண்கிறோம். இறுதியில் அவர் காணாமற்போக, கதை தேடுவோருடன் ஓடுகிறது. தாம் வழிதவறியதை அவர் அறிந்தாரா, அஞ்சினாரா என்று வினவுவாரில்லை. அவர் தொலைந்தது, இளங்காதலர் இருவர் திருமண முடிவுக்கு வரப் பயன்பட்டதோடு சரி.

நோயுற்றவர் தம் நோயை அறிவாரா? 1901ஆம் ஆண்டு பிராங்க்பர்ட் மருத்துவமனையில் மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் வினாக்கள் தொடுத்தபோது, அகுஸ்டே என்னும் 51 வயதுப் பெண்மணி, தம்மையே தாம் இழந்துவிட்டதாகக் கூறினார். இந்நோய்க்கு முதற்சான்றான அவரே தம் இழப்பை உணர்ந்து சொன்னவர்! நோயை உணரவே இயலாதாரும் உளர். அதனைப் பிடிவாதம் எனல் தவறு. நோயை மதிப்பிட வேண்டிய மூளைப் பகுதியே அவர்களிடம் பழுதுற்றிருக்கும். இவ்விரு நிலைக்கும் இடையேதான் பலர் ஊசலாடுகின்றனர். மறதியை ஒப்புவார், சமைக்க இயலாமையை ஒப்பார். காலையில் அறிந்ததை மாலையில் அறியார்.

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் நாற்பது ஆண்டு பால்மரம் வெட்டிய மூதாட்டி, "எனக்கு நோய்" என்று வாய்விட்டுச் சொல்வது அரிது. பேரனின் பெயர் வராதபோது "ஐயா" என்றழைத்துச் சமாளிப்பார். குழம்பில் இருமுறை உப்பிட்டபின், "கை வலிக்குது" என்று அடுப்பங்கரையை மருமகளிடம் விட்டுவிடுவார். விடியுமுன் பெரட்டுக்குப் புறப்பட்டு, வாசலில் நின்று, பிறர் முகம் பார்த்துத் திரும்புவார். அத்திரும்புதலில் ஓர் அறிவு இருக்கிறது. (ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்களும் இடிபட்டுச் சிரம்பான் அடுக்ககத்துக்குப் பெயர்ந்தவர் வழி தடுமாறினால், அதனை உடனே நோய்க்கணக்கில் எழுதுதல் முறையன்று.)

நம் சிறுகதையாளர் இத்தகைய மூதாட்டியை எழுதும்போதும் பவானிக்கு நேர்ந்ததே நேர்கிறது. மருத்துவர், "எப்போதிலிருந்து மறக்கிறார்?" என்று மருமகளிடம் கேட்கிறார். மூதாட்டி அருகிலேயே சேலைத் தலைப்பை முறுக்கியபடி அமர்ந்திருக்கிறார். கதையில் மருமகளின் விடை ஒரு பக்கம் வருகிறது. அத்தலைப்பு முறுக்கலுக்கு ஒரு வரியும் இல்லை.