ஆச்சாரியாரின் அளவுகோல்

துவாஸ் தொழிற்பேட்டைப் பக்கம் சென்று வந்தோர், கட்டுமான வேலிகளில் தொங்கும் எச்சரிக்கைப் பலகையைக் கண்டிருப்பர். ஆங்கிலம், சீனம், தமிழ், மலாய் ஆகிய நான்கு மொழிகளிலும் அபாயம் என்னும் ஒரே செய்தி அதில் எழுதப்பட்டிருக்கும். அவ்வழியே வேலைக்குச் செல்லும் தமிழ் இளைஞருள் பலர் தஞ்சை, புதுக்கோட்டைச் சீமைகளின் உழவர் குடியிற் பிறந்தோர். இங்கே வெல்டிங் வேலையும் குழாய் வேலையும் பார்ப்போர். பலகை ஒரு வினாவை எழுப்புகிறது: பன்மொழியினர் வாழும் நாட்டில் அரசு எம்மொழியிற் பேச வேண்டும்? இளைஞர் மற்றொரு வினாவை எழுப்புகின்றனர்: ஏழையின் பிள்ளை எதற்காகப் படிக்க வேண்டும்?

இவ்விரு வினாக்களுக்கும் துணிந்து விடை கூறி, இரண்டிலும் பெரும்புயலைக் கிளப்பியவர் சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார். அன்பர்க்கு அவர் இராஜாஜி, எதிர்த்தோர்க்கு ஆச்சாரியார்.

பழமை பேணுவோரின் அரசியற் கருத்துகளை நம்மவர் ஊன்றிப் படிப்பது குறைவு. ஒரு சாரார் மூதறிஞர் என்று கைகூப்பி நின்றுவிடுவர். மறு சாரார் குலக்கல்வி என்னும் ஒரே சொல்லால் வழக்கை முடித்துவிடுவர். வணக்கமும் வசையும் திறனாய்வு ஆகா. ஒருவரை அவர் கையிலுள்ள கோலாலேயே அளந்து பார்ப்பதே நேர்மை.

அவருடைய அளவுகோல் யாது? மக்கள் வாழ்வில் அரசு அவசரப்பட்டுக் கை வைக்கலாகாது. தன் நிலத்தையும் தொழிலையும் எங்ஙனம் நடத்துவது என்பதை அரசு அதிகாரியைவிட உரியவனே நன்கறிவான் என்பதே அது. 1952இல் சென்னை மாநில முதலமைச்சரானதும் உணவுத் தானியக் கட்டுப்பாட்டை அவர் நீக்கியது இந்நம்பிக்கையால்தான். 1959 ஜனவரியில் நாகபுரிக் காங்கிரஸ் மாநாடு கூட்டுறவுப் பண்ணை முறைக்கு இசைந்தபோது, உழவனின் நிலவுரிமை பறிபோகும் என்று அவர் எச்சரித்தார். அவ்வாண்டே, எண்பது வயதில், சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தார். பெர்மிட், லைசென்ஸ் இராஜ்ஜியம் என்று அவர் அன்றைய ஆட்சிமுறையைப் பழித்த சொல் நிலைத்துவிட்டது. 1967 தேர்தலில் அக்கட்சி நாடாளுமன்ற மக்களவையில் 44 இடங்களைப் பெற்றது. அவர் 1972இல் மறைந்தார். 1991இல் இந்திய அரசே தொழில் உரிமக் கட்டுப்பாடுகளிற் பெரும்பகுதியைத் தளர்த்தியது. இத்துறையில் அவர் சொன்னது வெறும் பிற்போக்கு என்று இன்று எவரும் எளிதிற் கூறிவிட முடியாது.

இனி, அதே கோலை அவருடைய ஆட்சியின்மீது வைத்துப் பார்ப்போம். 1938இல் சென்னை மாகாணத்தின் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவர் அவரே. எதிர்த்தோர் சிறை புகுந்தனர். நடராசன், தாளமுத்து ஆகிய இருவர் காவலில் இருந்த நிலையில் 1939இல் உயிர் துறந்தனர். அவர் பதவி விலகிய பின், 1940இல் அவ்வாணை நீக்கப்பட்டது. மக்கள் வேண்டாததை அரசாணையால் புகுத்தலாகாது என்னும் பாடத்தை அன்று கற்பித்தோர் மக்களே, ஆச்சாரியார் அல்லர்.

1953இல் வந்த தொடக்கக் கல்வித் திட்டமும் அத்தகையதே. அதில் அடங்கிய கணக்கை மறைத்துப் பேசுதல் முறையன்று. கருவூலத்திற் பணம் இல்லை. பள்ளி புகாத பிள்ளைகளோ மிகப் பலர். நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே பள்ளி என்றாக்கினால், அதே கட்டடத்தில், அதே ஆசிரியரைக் கொண்டு இரு மடங்கு பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம். இதுவரை கணக்குச் சரி. எஞ்சிய நேரத்தில் பிள்ளை தந்தையின் தொழிலைக் கற்கட்டும் என்றபோதுதான் கணக்குப் பிழைத்தது. நாட்டுப்புறத்தில் தந்தையின் தொழில் என்பது சாதியின் மறுபெயர். முடிதிருத்துவோன் மகன் கத்தியையும், வெளுப்போன் மகன் வெள்ளாவியையும் விட்டு விலக வழி தேடியது பள்ளிக்கூடத்தில் அன்றோ? நகரத்துப் பிள்ளைக்கு இத்திட்டம் இல்லை. கிராமத்துப் பிள்ளைக்கே இருந்தது. சட்டமன்றத்தைக் கலவாமலே அது கொண்டுவரப்பட்டது. 1954இல் அவர் பதவி விலகினார். பின்வந்த காமராசர் அதைக் கைவிட்டார்.

துவாஸில் வெல்டிங் பொறி தெறிக்க நிற்கும் உழவர் மகனே இத்திட்டத்திற்குத் தக்க மறுப்பு. தந்தையின் ஏரை அவன் இகழவில்லை. அந்த ஏரோடு தன்னைக் கட்டிப்போடும் உரிமை எவர்க்கும் இல்லை என்பதையே அவன் வாழ்வு காட்டுகிறது. உரியவனே நன்கறிவான் என்று உழவனின் நிலத்துக்காக வாதாடிய பேரறிஞர், உழவனுடைய பிள்ளையின் படிப்புக்கு அவ்விதியைப் பொருத்திப் பார்க்கவில்லை. அவருடைய கொள்கையிற் குறை என்பதைவிட, கொள்கையின் எல்லையை அவர் சுருக்கிக்கொண்டதே குறை எனலாம்.

சொல்லும் செயலும் ஒன்றாய் நின்ற இடமும் உண்டு. 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொணர்ந்தவர், 1971இல் தமிழக அரசு அதைத் தளர்த்த முனைந்தபோது, முதுமையையும் பொருட்படுத்தாது முதலமைச்சர் கருணாநிதியை நேரிற் கண்டு வேண்டாம் என்று மன்றாடினார். ஆட்சியில் இருந்தபோதும் இல்லாதபோதும் அவர் கருத்து ஒன்றே. அதை ஏற்பதும் மறுப்பதும் நம் விருப்பம். அதன் உண்மையை ஐயுற இடமில்லை.

மொழித் துறையில் அவர் மனம் மாறினார். 1950களின் பிற்பகுதி முதல், இந்தியை ஒரே ஆட்சிமொழியாக்குவதை எதிர்த்து, ஆங்கிலமே தொடர வேண்டும் என்றார். ஆங்கிலம் எந்த ஒரு மாநிலத்தின் தாய்மொழியும் அன்று. ஆகவே அதைக் கற்கும் சுமை எல்லார்க்கும் ஒப்பானது என்பது அவர் வாதம். பொதுமொழியாக ஆங்கிலத்தைக் கொண்ட சிங்கப்பூரில் வாழும் நமக்கு இவ்வாதம் புதிதன்று. ஆயினும் நம் நாடு அத்துடன் நிற்கவில்லை. தமிழுக்கும் ஆட்சிமொழித் தகுதி அளித்தது. 1966 முதல் உயர்நிலைப் பள்ளிகளில் இரண்டாம் மொழியைக் கட்டாயமாக்கியது. ஒப்பான சுமை ஒரு பாதி நீதி. தாய்மொழிக்கு உரிய இடம் மறு பாதி.

தமிழாசிரியர்கள் மாணவர்க்குச் சொற்போர் பயிற்றுகையில் ஆச்சாரியாரை ஒதுக்கிவிட வேண்டுவதில்லை. அவரைப் படிக்கச் சொல்லுங்கள். அவர் வகுத்த விதியை அவர்மீதே பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஆணையிடும் இடத்திலிருந்து அவர் பேசியவற்றுக்கும், ஆணையைத் தாங்குவோர் பக்கம் நின்று பேசியவற்றுக்கும் உள்ள வேற்றுமை அவர்களுக்கே புலப்படும். துவாஸ் வேலியில் தமிழ் எழுத்து இருப்பதும் ஆணையைத் தாங்குவோனை நினைந்துதான். ஆபத்து யாரை நெருங்குகிறதோ, அவன் மொழியிற் சொல்வதே எச்சரிக்கை. கொள்கைக்கும் அதுவே இலக்கணம்.