நியம ராஜாவின் மலையும் நம் வீட்டு இட்லிப் பானையும்

கட்டாக்கில் 38 வருஷமாகப் பாத்திரக் கடை வைத்திருப்பவன் கலை விமரிசனம் எழுதலாமா என்று சங்கத்து அன்பர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. என் படிப்பு எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றது. மற்றதெல்லாம் கடையைப் பூட்டிய பிறகு, ராத்திரி விளக்கில் படித்தது. ஆனாலும் இந்த வருஷ மலருக்கு இதை எழுதியே ஆகவேண்டும் என்று பட்டது. நான் சொல்லப் போகும் கலைப் படைப்புகளுக்கும் என் கடைச் சரக்குக்கும் நேரான சம்பந்தம் இருக்கிறது. சரக்கை வாங்கியவர்கள் நீங்கள்.

ஒடிசாவின் தென்மேற்கே, ராயகடா, களஹாண்டி மாவட்டங்களில் பரந்து கிடப்பது நியம்கிரி மலை. அங்கே வாழ்பவர்கள் டோங்ரியா கோந்த் மக்கள். மொத்தமே சுமார் 8,000 பேர். மலையின் தலையில் 7 கோடி டன்னுக்கு மேல் பாக்சைட் இருப்பதாகக் கணக்கிட்டார்கள். அலுமினியத்தின் தாய்க்கல் அதுதான். அந்தக் கல்லடுக்கு மழைத்தண்ணீரைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்திருந்து, கோடையில் சுனை சுனையாக விடுகிறது. வம்சதாரா ஆறு இந்த மலைப் பக்கம்தான் பிறக்கிறது. வேதாந்தா நிறுவனம் இங்கே சுரங்கம் கேட்டது. மலையை வெட்ட முழு அனுமதி வருவதற்கு முன்பே அடிவாரத்து லாஞ்சிகட்டில் ஆலையும் எழும்பிவிட்டது. பிறகு நடந்த போராட்டத்தில் கலைக்கும் ஒரு பங்கு உண்டு. அதில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: ஒரு சினிமா, ஒரு பாட்டு, ஒரு சால்வை.

முதலில் சினிமா. 2009 டிசம்பரில் ‘அவதார்’ வந்தது. வேற்றுக் கிரகத்துக் காட்டுவாசிகளின் நிலத்தில் கனிமம் எடுக்க மனிதர்கள் போகிறார்கள் என்பது கதை. 2010 பிப்ரவரியில் சர்வைவல் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு, ‘வெரைட்டி’ என்ற அமெரிக்க சினிமாப் பத்திரிகையில் இயக்குநர் ஜேம்ஸ் கேமரூனுக்கு விளம்பரமாகவே ஒரு வேண்டுகோள் விடுத்தது. உங்கள் கதை இந்தியாவில் நிஜமாக நடக்கிறது, டோங்ரியா மக்களுக்கு உதவுங்கள் என்பது அதன் சாரம். கெட்டிக்கார யோசனை. நியம்கிரியின் பெயர் உலகம் பூரா போயிற்று. அந்தப் பலனை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் படத்தில் மலைவாசிகளைக் காப்பாற்றுகிறவன் யார்? வெளியிலிருந்து போன ஒருவன். நாலு நாள் பழகிவிட்டு அவர்களுக்கே தலைவனாகிவிடுகிறான். நியம்கிரியில் அப்படி ஒருவனும் இல்லை. வழக்கறிஞர்களும் தொண்டர்களும் துணை நின்றார்கள், உண்மை. ஆனால் மலைக்காகப் பேசியது மலைக்காரர்களே. இந்த ஒப்புமை அவர்களுக்கு உலகத்தின் பரிதாபத்தை வாங்கிக் கொடுத்தது, அவர்களுடைய குரலை வாங்கிக் கொடுக்கவில்லை.

இரண்டாவது பாட்டு. ‘காவ் சோடப் நஹி’ என்ற சிறு இசைப்படம். ‘ஊரை விட்டுப் போகமாட்டோம்’ என்று அர்த்தம். எடுத்தவர் கேரளத்துக்காரரான கே. பி. சசி. 2022 டிசம்பரில் காலமாகிவிட்டார். பாட்டுக்கு மூலம், ராயகடா மாவட்டத்துக் காசிப்பூர்ப் போராட்டத் தலைவர் பகவான் மாஜியின் பாட்டு. அந்தக் காசிப்பூரில் பாக்சைட் திட்டத்தை எதிர்த்ததற்காக 2000 டிசம்பர் 16 அன்று மைகஞ்ச் கிராமத்தில் போலீஸ் சுட்டு மூன்று ஆதிவாசிகள் செத்தார்கள். அந்த மண்ணிலிருந்து வந்த பாட்டில் அழுகை ஓங்கியிருக்கும் என்றுதான் எதிர்பார்த்தேன். அப்படி இல்லை. வற்றிப்போன ஆறுகளைப் பேர் சொல்லி வரிசையாகக் கூப்பிடுகிறது. பாட்டில் தண்ணீர் குடிக்கிறவனைப் பார்த்து, எங்கள் தாகத்துக்கு என்ன வழி என்று கேட்கிறது. கேலியும் இருக்கிறது, ஆட்டமும் இருக்கிறது. முக்கியமாக, ‘அவர்கள்’ என்று தள்ளி நின்று பேசாமல் ‘நாங்கள்’ என்று பேசுகிறது. சினிமாவுக்கு மேலே இதை வைப்பேன். ஒரு குறையும் சொல்ல வேண்டும். எல்லா ஆதிவாசிக்கும் பொதுப்பாட்டாக ஆனதால், தனி மலை ஒன்றின் முகம் அதில் தெரிவதில்லை. எந்த ஊருக்கும் பொருந்துகிற சட்டை எந்த ஊருக்கும் கச்சிதமாக இருக்காது.

மூன்றாவது, கப்டாகண்டா சால்வை. புவனேஸ்வரில் வருஷா வருஷம் ஜனவரி 26 ஒட்டி நடக்கும் ஆதிவாசி மேளாவில் பார்த்தேன். கனத்த வெள்ளைத் துணி. அதை நெய்வது பக்கத்து டோம் இனத்து நெசவாளிகள். மேலே ஊசிவேலை செய்வது டோங்ரியாப் பெண்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை நூலில் கோடும் முக்கோணமுமாக வரிசை வரிசையாகப் போகும். ஒரு பெண் தன் மனசுக்குப் பிடித்தவனுக்கோ அண்ணன் தம்பிக்கோ தைத்துக் கொடுப்பது வழக்கம். 2024இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. முக்கோணம் எதற்கு என்று கேட்டேன். ஒடியா தெரிந்த ஒரு பையன் மூலம் பதில் வந்தது: “மலை.” வியாபாரி புத்தி, விலையைக் குறைக்கச் சொன்னேன். அந்தம்மா ஒன்றும் பேசாமல் சால்வையை மடித்து உள்ளே வைத்துவிட்டார். பிறகு கேட்ட விலை கொடுத்து வாங்கி வந்தேன்.

இந்தச் சால்வையில் சுரங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கம்பெனி வருவதற்கு வெகு காலம் முன்பிருந்தே அதைத் தைக்கிறார்கள். மூன்றிலும் இதுவே சிறந்தது என்பது என் தீர்ப்பு. சினிமா மலையை வேடிக்கை காட்டுகிறது, பாட்டு மலைக்காக வாதாடுகிறது. சால்வையோ மலையைத் தோளில் போட்டுக்கொள்கிறது. ‘இது எங்களுடையது’ என்று சொல்லக்கூட அதற்குத் தேவைப்படவில்லை.

அவர்கள் தெய்வத்தின் பெயர் நியம ராஜா. நியமம் விதிக்கிற அரசன். தெய்வம் இருக்கும் உச்சியில் மரம் வெட்டக் கூடாது என்பது அவர்கள் முறை. வந்தவாசிப் பக்கத்துச் சமணன் ஆன எனக்கு ‘நியமம்’ என்ற சொல் பிள்ளைப் பிராயம் முதலே பழக்கம். சமந்தபத்திரரின் இரத்தின கரண்டகத்தில், ஆயுள் முழுக்க ஏற்கும் விரதம் யமம், கால வரையறையோடு ஏற்பது நியமம் என்று வரும். மண்ணும் நீரும் ஓரறிவுயிர் என்பதும் எங்கள் ஆகமம். ஆகவே, கல்லைக் கும்பிடுகிற மூடநம்பிக்கை என்று யாராவது சிரித்தால் அந்தச் சிரிப்பில் நான் சேர முடியாது.

2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றமும் சிரிக்கவில்லை. நியம ராஜாவை வழிபடும் உரிமைக்குச் சுரங்கத்தால் பங்கம் வருமா என்பதைக் கிராம சபைகளே சொல்லட்டும் என்றது. அந்த ஜூலை 18இல் சேர்காபாடியில் ஆரம்பித்து ஆகஸ்ட் 19இல் ஜராபாவில் முடிய, நீதிபதியின் முன்னிலையில் 12 ஊர்கள் கூடின. பன்னிரண்டும் ‘வேண்டாம்’ என்றன. 2014 ஜனவரியில் மத்திய அரசும் மறுத்துவிட்டது. சால்வை மௌனமாகச் சொன்னதைத்தான் அந்தச் சபைகள் வாய்விட்டுச் சொல்லின.

இப்போது என் கணக்கு. அந்த 12 ஊரும் பேசிக்கொண்டிருந்தபோது நான் ஒரு ராத்திரி ரயில் தூரத்தில் இருந்தேன். பேப்பரில் படித்துவிட்டு, அலுமினியம் விலை ஏறுமோ என்றுதான் யோசித்தேன். வேறு ஒன்றும் தோன்றவில்லை. ஒரு கிலோ அலுமினியத்துக்குச் சுமார் 4 கிலோ பாக்சைட் வேண்டும், சுமார் 14 யூனிட் மின்சாரமும் வேண்டும். 2 கிலோ இட்லிப் பானைக்கு 8 கிலோ மலை, 28 யூனிட் கரண்டு. இல்லறத்தான் விலக்க வேண்டிய 15 தொழில்களில் காட்டை அழித்துப் பிழைப்பதும் பூமியைத் தோண்டிப் பிழைப்பதும் உண்டு. நான் தோண்டவில்லை, விற்றேன். இந்தச் சமாதானம் எனக்கே போதவில்லை.

நமக்கு என்று வரும்போதுதான் உறைக்கிறது. 2024 நவம்பரில் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியையும் உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்கத் திட்டம், அதே வேதாந்தா குழுமத்து இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்கு ஏலத்தில் போனது. சமண முனிவர் படுக்கைகளும் தீர்த்தங்கரர் சிற்பமும் தமிழிக் கல்வெட்டும் உள்ள மலை அது. எனக்குத் தூக்கமே இல்லை. ஊருக்கு நாலு தடவை போன் போட்டேன். மக்கள் எதிர்த்தார்கள், சட்டசபை தீர்மானம் போட்டது, 2025 ஜனவரி 23இல் ரத்தானது. சந்தோஷப்பட்ட அன்றைக்கே வெட்கமும் வந்தது. என் மலைக்குத் தவித்த மனசு அவர்கள் மலைக்குத் தவிக்கவில்லையே.

நியம்கிரி பிழைத்தது. ஆனால் லாஞ்சிகட் ஆலை வேறு இடத்துக் கல்லில் ஓடுகிறது. 2023இல் பக்கத்துச் சிஜிமாலி மலையின் பாக்சைட்டையும் அதே நிறுவனம் ஏலத்தில் எடுத்தது. அங்கேயும் மக்கள் எதிர்க்கிறார்கள். நம் தேவை குறையாத வரை அடுத்த மலை, அதற்கடுத்த மலை என்றுதான் போகும்.

சின்ன வயசில் நம் தெருக்களில் ‘பழைய ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்’ என்று கூவி வருவார்களே, அது ஞாபகம் இருக்கிறதா? பழைய அலுமினியத்தை உருக்க, புதுசு எடுக்கும் மின்சாரத்தில் சுமார் 5 சதவீதம் போதும், மலையும் வேண்டாம். நசுங்கின பானையைப் பரணில் போடாமல் கடைக்குக் கொண்டு வாருங்கள், எடை போட்டு எடுத்துக்கொள்கிறேன். இன்னொன்றும் உண்டு. சங்க விழாவில் விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். வரும் பொங்கல் விழாவில் ஒருவருக்காவது கப்டாகண்டா போர்த்துவோம். தைத்த பெண்களிடமே, கேட்ட விலைக்கு வாங்குவோம். எழுதியதில் பிழை இருந்தால் பெரியோர் பொறுத்தருள்க.