எட்டு ஒன்பதான கதை

இந்த வாரம் ஒரு புது இலக்கிய வகையை விமரிசனம் செய்யப் போகிறேன். கவிதை இல்லை, நாவல் இல்லை. இணைய ஏலத்தில் பழைய காசு விற்கிறார்களே, அந்தப் படத்துக்குக் கீழே நாலு வரி எழுதியிருப்பார்களே, அது. சிரிக்காதீர்கள். தமிழ்நாட்டில் இன்று ஒரு கவிதைத் தொகுப்பை வாங்குபவர்களைவிட இந்த நாலு வரியைப் படித்துப் பணம் கட்டுபவர்கள் அதிகம் என்பது என் சந்தேகம்.

என்னை இதில் இழுத்துவிட்டவர் ஆம்பூரில் இருக்கும் ஒரு பாய். பெயர் வேண்டாம். முப்பது வருஷத்துக்கு மேல் தோல் பதனிடும் தொழிற்சாலைகளில் 'செலக்‌ஷன்' பார்த்தவர். வேலூர், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: பதனிட்ட தோல் மேஜைக்கு வரும். அதைக் கட்டை விரலால் ஒரு தடவு, வெளிச்சத்தில் ஒரு சாய்ப்பு. இது ஒண்ணாம் நம்பர், இது நாலாம் நம்பர், இது கழிவு என்று தரம் பிரிக்க வேண்டும். முள் கீறினது, உண்ணி கடித்தது, அம்மைத் தழும்பு, உரிக்கும்போது கத்தி பட்டது எல்லாம் அந்த விரலுக்குத் தெரியும். விரல் தப்பினால் முதலாளிக்கு நஷ்டம்.

அப்பேர்ப்பட்ட விரல்காரர், ஒரு கல்யாணத்துக்காக நான் ஆம்பூர் போயிருந்தபோது, சாப்பாடு முடிந்ததும் ஓரமாகக் கூப்பிட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய். ஆண்டு 1939.

"முப்பத்திரெண்டாயிரம் குடுத்தேன் தம்பி. இதை லட்சத்துக்கு மேல வாங்குறவங்க இருக்காங்களாமே? பொண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும். வந்த செட்டில்மென்ட் பணத்துல எடுத்தது."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. காரணம், 1939 ரூபாய் நிஜமாகவே அபூர்வமானது. 1938, 1939 என்று ஆண்டு போட்ட ரூபாய்கள்தாம் பழைய 91.7 சதவீத வெள்ளியில் வந்த கடைசி ரூபாய்கள். அவற்றில் 1939 வெளியே வந்தது மிகக் குறைவு. 1940-ல் போர்க்காலச் சிக்கனமாக வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். ஆக 1938 சாதாரணம், 1939 ராஜா. இரண்டுக்கும் வித்தியாசம் கடைசி எண் மட்டும். எட்டின் கீழ்வளையத்தில் இடது பக்கம் கொஞ்சம் சுரண்டினால் ஒன்பது! இவ்வளவு மலிவான ரசவாதம் உலகத்தில் வேறு இல்லை.

என் பையில் எப்போதும் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று இருக்கும். அதற்கும் ஒரு கதை உண்டு, பிறகு சொல்கிறேன். உறையைப் பிரித்து லென்ஸில் பார்த்தேன். மற்ற மூன்று எண்களைச் சுற்றியும் பரப்பு ஒரே சீராக, வயசான மங்கலோடு இருந்தது. கடைசி எண்ணின் இடுப்புக்கு இடது பக்கம் மட்டும் சின்னதாக ஒரு பள்ளம், அதில் ஒரு புதுப் பளபளப்பு.

பாயிடம் லென்ஸைக் கொடுத்தேன். அவர் லென்ஸை வாங்கவில்லை. கட்டை விரலை எண்ணின் மேல் வைத்து ஒரு தடவு தடவினார். முகம் மாறிவிட்டது.

"செதுக்கியிருக்கான்."

"வாங்கும்போது தொட்டுப் பாக்கலையா பாய்?"

"உறையில இருந்துச்சு தம்பி. பிரிச்சா மதிப்பு போயிடும்னு எழுதியிருந்தான்."

இந்த ஒரு வரிக்காகத்தான் இதை இலக்கியம் என்கிறேன். யாருடைய பலம் விரலில் இருக்கிறதோ, அவரை விரல் வைக்கவிடாமல் செய்த வரி அது. எழுதியவன் லேசுப்பட்டவன் இல்லை.

அன்றிலிருந்து மூன்று மாதம் இந்த விளம்பர வரிகளை உட்கார்ந்து படித்தேன். என் விமரிசனம் இதோ.

முதலில் 'அபூர்வம்'. இந்த வார்த்தை இல்லாத விளம்பரமே கிடையாது. "1862 விக்டோரியா மகாராணி ரூபாய், 160 வருடப் பழமை, அபூர்வம்" என்று ஒன்று. பழசெல்லாம் அபூர்வம் என்பது நம் மூளையில் ஊறிப்போன தப்புக் கணக்கு. 1862 என்ற ஆண்டு எண்ணை மாற்றாமல் 1874 வரைக்கும் ரூபாய் அடித்துத் தள்ளினார்கள். ஆண்டை அடையாளம் காண அங்கங்கே புள்ளி வைத்தார்கள், அவ்வளவுதான். சில புள்ளி வகைகளுக்குச் சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை தருவார்கள் என்பது உண்மை. ஆனால் பொதுவாக 1862 என்பது ஊரெல்லாம் கிடைக்கிற காசு. பாட்டி வீட்டுப் பெட்டியில் உங்களுக்கே இருக்கலாம்.

இங்கே என் பி.காம். கொஞ்சம் கைகொடுக்கிறது. அந்த ரூபாயின் எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. அதில் 91.7 சதவீதம் வெள்ளி. பெருக்கினால் சுமார் 10.69 கிராம் சுத்த வெள்ளி. இன்றைய வெள்ளி விலையால் பெருக்குங்கள். அதுதான் தரைவிலை. அதற்கு மேல் கேட்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும் விற்பவர் காரணம் சொல்ல வேண்டும். 'பழசு' என்பது காரணம் அல்ல.

இரண்டாவது, 'கேட்கிற விலை'. ஒருவன் பத்து லட்சம் என்று போட்டிருப்பான். அதைப் பார்த்து இன்னொருவன் எட்டு லட்சம் போடுவான். மூன்றாமவன் அந்த இரண்டையும் காட்டி, "எனக்கு ஒரு லட்சம் போதும், அவசரம்" என்பான். இதில் ஒரு காசும் விற்றிருக்காது. கேட்ட விலை வேறு, விற்ற விலை வேறு. பெரிய ஏல நிறுவனங்கள் முடிந்த ஏலத்தின் விலையை வெளியிடுகின்றன. அதைப் பாருங்கள். அதிலும் ஒரே கூட்டாளிகள் மாற்றி மாற்றிக் கேட்டு விலையை ஏற்றும் பினாமி ஏலம் உண்டு. வேலூர் பக்கத்தில் பொய்கை மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். அதையாவது ரகசியம் என்று தெரிந்தே செய்கிறார்கள். அங்கே மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கவும் முடியும்.

மூன்றாவது, 'எர்ரர் காயின்'. "நாணயச்சாலை முத்திரையே இல்லாத காசு, மாபெரும் தவறு!" என்று ஒரு கூச்சல். நம் காசில் ஆண்டுக்குக் கீழே வைர வடிவம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், வட்டப் புள்ளி என்றால் நொய்டா. எதுவுமே இல்லையென்றால் கொல்கத்தா! அது தவறு அல்ல, அவர்கள் வழக்கம். 1985 ஒரு ரூபாயில் 'எச்' என்ற எழுத்து இருந்தால் லட்சாதிபதி என்றார்கள். அந்த வருஷம் சில்லறைத் தட்டுப்பாட்டுக்காக இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் அடித்து வாங்கியதன் அடையாளம் அது. இரண்டு பக்கமும் தலை இருக்கும் காசு என்பது பெரும்பாலும் இரண்டு காசுகளைக் கடைந்து ஒட்டிய தச்சு வேலை. விளிம்பின் உள்பக்கம் மெல்லிய வளையமாகக் கோடு தெரியும்.

நான்காவது, சாமி. 'கிழக்கிந்தியக் கம்பெனி, அரை அணா, 1818' என்று ஒரு பக்கம். மறுபக்கம் ராமர் பட்டாபிஷேகம் அல்லது அனுமார். சில காசுகளில் 1616 என்றுகூட ஆண்டு இருக்கும். 1616-ல் கம்பெனிக்குச் சென்னையில் கோட்டையே கிடையாது. அது வந்தது 1640-ல். கம்பெனி ஆண்ட பகுதிகளுக்கெல்லாம் பொதுவான ஒரே நாணய முறை வந்தது 1835-ல்தான். கம்பெனி சாமி படமே போடவில்லையா என்று கேட்கலாம். போட்டது. சென்னை நாணயச்சாலை அடித்த பகோடாக்களில் கோபுரமும் உண்டு, பெருமாளும் உண்டு. ஆனால் இந்த ராமர் காசுகள் எந்த நாணயச்சாலையிலும் அடித்தவை அல்ல. பிற்காலத்தில் பட்டறைகளில் செய்து விற்ற வில்லைகள். சாமி ரூமில் வைத்துக் கும்பிட்டால் தப்பில்லை. லட்சம் கொடுத்தால்தான் தப்பு.

இதன் சித்தப்பா பிள்ளைதான் 'ரைஸ் புல்லிங்'. அரிசியை இழுக்கும் செம்பு என்று சொல்லி, உள்ளே இரும்பு செருகிய அரிசியையும் மறைத்து வைத்த காந்தத்தையும் வைத்து வித்தை காட்டுவார்கள். தமிழ்நாட்டில் எத்தனையோ கைதுகள் நடந்தும் ஆட்கள் குறையவில்லை.

ஐந்தாவது, 'பளபள'. புளி போட்டுத் துலக்கிய வெள்ளிக் காசை 'புழக்கத்துக்கே வராதது' என்று விற்கிறார்கள். உறையில் வைத்துத் தரச்சான்று தரும் என்.ஜி.சி., பி.சி.ஜி.எஸ். போன்ற அமெரிக்க நிறுவனங்கள் உண்டு. அந்தச் சான்று எண்ணை அவர்களுடைய தளத்திலேயே போட்டுப் பார்க்கலாம். ஆனால் அந்த உறையையே போலியாகச் செய்பவர்களும் உண்டு. ஆகவே எண் மட்டுமல்ல, தளத்தில் இருக்கும் படமும் கையில் இருக்கும் காசும் ஒன்றுதானா என்று கீறலுக்குக் கீறல் ஒப்பிட வேண்டும்.

இதையெல்லாம் பாய்க்குச் சொன்னபோது அவர் ஒரு வார்த்தையில் முடித்தார். "இது எம்பாஸ் தோல் தம்பி." தோலில் தழும்பு இருந்தால் மேல்பரப்பைத் தேய்த்து எடுத்துவிட்டு, அச்சு வைத்து அழுத்திப் புது ரோமக்கண் வரவழைப்பார்கள். நல்ல வியாபாரி அதை எம்பாஸ் என்று சொல்லி அந்த விலைக்கு விற்பான். சொல்லாமல் ஒண்ணாம் நம்பர் விலைக்கு விற்றால்தான் திருட்டு. காசும் அப்படித்தான். நகல் காசு விற்பது பாவம் இல்லை, நகல் என்று சொன்னால்.

சரி, என் கதை. பத்து வருஷத்துக்கு முன்னால் 1911 ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் ஒன்றை நானும் ஏலத்தில் எடுத்தேன். அந்த வருஷத்து ரூபாயில் ராஜாவின் அங்கியில் இருந்த யானை பன்றி மாதிரி தெரிகிறது என்று எதிர்ப்புக் கிளம்பி, அடுத்த வருஷமே யானையைத் திருத்தினார்கள். அதனால் 1911-க்கு மவுசு. எனக்கு வந்ததில் ஆண்டு 1911, யானையோ தும்பிக்கை நீண்ட திருத்திய யானை! 1919-ன் கடைசி ஒன்பதைச் சுரண்டி ஒன்றாக்கியிருந்தார்கள். ஆண்டை மாற்றியவன் யானையை மறந்துவிட்டான். நானும் மறந்துவிட்டேன். விற்றவர், "படத்தில் உள்ளபடியே அனுப்பினேன்" என்றார். உண்மைதான். படத்தைச் சரியாகப் பார்க்காதது நான். லென்ஸ் அதற்கு மறுநாள் வாங்கியது.

என் சொந்தத் தொழிலையும் இந்த விமரிசனத்தில் விட்டுவிட முடியாது. பாய் ஏன் வாங்கினார்? "உங்களிடம் இந்த நாணயம் இருக்கிறதா? நீங்கள்தான் அடுத்த லட்சாதிபதி!" என்ற செய்தியைப் பார்த்துத்தான். 2012-ல் வெளியான வைஷ்ணவ தேவி ஐந்து ரூபாய், பத்து ரூபாய்க் காசுகளுக்கு லட்சக்கணக்கில் விலை என்று எத்தனை செய்தி! வாங்கியவர் யார், எந்த ஏலம், எந்தத் தேதி என்று எதுவும் இருக்காது. யாரோ கேட்ட விலையைச் செய்தியாக்கியது நாங்கள். 2021 ஆகஸ்ட் 4 அன்று ரிசர்வ் வங்கியே ஓர் அறிக்கை வெளியிட்டது. தன் பெயரையும் சின்னத்தையும் வைத்துக்கொண்டு, பழைய நோட்டு, காசு விற்றுத் தருவதாகக் கமிஷன், வரி என்று சிலர் கேட்கிறார்கள்; தான் இந்த வியாபாரத்தில் இல்லவே இல்லை என்றது. லட்சாதிபதிச் செய்திகள் வந்த அளவுக்கு அந்த அறிக்கை வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. "வயலில் புதையலாகக் கிடைத்தது" என்று பெருமையாக எழுதுகிறார்கள். 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அது விளம்பரம் இல்லை, ஒப்புதல் வாக்குமூலம். நூறு வருஷம் தாண்டிய காசு 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. "துபாயில் பார்ட்டி ரெடி" என்பவரிடம் இதைக் கேளுங்கள்.

பாய் அந்தக் காசை என்ன செய்தார்? இன்னொரு வியாபாரி வந்தார். விஷயம் தெரிந்தும் இருபத்தைந்தாயிரத்துக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னாராம். 'நான் தள்ளிவிட்டுக்கறேன்' என்று. நஷ்டம் ஏழாயிரத்தோடு முடிந்திருக்கும். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பாய் பஜாரில் ஒரு வெள்ளிப் பட்டறைக்குப் போய், எடைக்குப் போட்டுவிட்டு, உருகுகிறவரை நின்று பார்த்துவிட்டு வந்தார்.

போனில் கேட்டேன், "ஏன் பாய், கொஞ்சமாவது திரும்பக் கிடைச்சிருக்குமே?"

"நாலாம் நம்பரை ஒண்ணாம் நம்பர்னு நான் எழுதினதில்ல தம்பி. இப்ப போய் எழுதவா?"

பொண்ணுக்கு அந்த வருஷ ஃபீஸைக் கடன் வாங்கித்தான் கட்டினார்.

கணக்குப் பாடத்தில் எங்களுக்கு ஒரு விதி உண்டு: வராத லாபத்தைக் கணக்கில் எழுதாதே, வரக்கூடிய நஷ்டத்துக்கெல்லாம் ஒதுக்கி வை. ஏலப் பக்கத்தைத் திறக்கும்போது அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தராசு, ஒரு லென்ஸ், முடிந்த ஏலத்தின் விலை, இந்த மூன்றும் இல்லாமல் கையை நீட்டாதீர்கள். பிரிக்காதே, தொடாதே என்று எவனாவது எழுதியிருந்தால், மேற்கொண்டு படிக்கவே வேண்டாம்.