அந்தப் பின்பாஸ் கோழைத்தனம் அல்ல

“செமாங்காட் இல்ல லா.” ஆட்ட உணர்வு இல்லை என்று பொருள்; நம் அணியைப் பற்றி இந்தப் பருவம் முழுக்க ஸ்கூடாயில் காதில் விழும் தீர்ப்பு இதுதான். தாமான் உங்கு துன் அமினாவில் மாமாக் கடைத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களும் சொல்கிறார்கள், பல்கலைக்கழக விடுதிகளிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்திறங்கும் மாணவர்களும் சொல்கிறார்கள். ஒரு வாரம் பலமான எதிரணியைத் திணறடித்த அதே பதினொரு பேர் மறுவாரம் பட்டியலின் அடியில் கிடக்கும் அணியிடம் தடுமாறினால் ரசிகனுக்கு வேறு என்ன தோன்றும்? கால்கள் அதே கால்கள்தானே, அப்படியானால் மனம்தான் மாறியிருக்க வேண்டும் என்று கணக்குப் போடுகிறோம். இந்தக் கணக்கு தப்பு. எங்கே தப்புகிறது என்பதை ஓர் ஆட்டக்காரரை மட்டும் வைத்துக் காட்ட முடியும் என்று நினைக்கிறேன்.

அவர் மத்தியத் திடலில், தற்காப்பு வரிசைக்கு நேர் முன்னால் நிற்பவர். பெயர் தேவையில்லை, நம்மிடம் அதிகம் திட்டு வாங்குபவர் என்றாலே உங்களுக்குத் தெரிந்துவிடும். அவர் எடுக்கும் ஒரே ஒரு முடிவுதான் எல்லாச் சண்டைக்கும் காரணம். முன்னால் நம் ஆள் கையைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது, இவர் பந்தைத் திருப்பிப் பின்னாலிருக்கும் தற்காப்பாளருக்கோ கோல் காவலருக்கோ போட்டுவிடுகிறார். போட்ட மறுகணம் அரங்கம் உறுமுகிறது. “முன்னால போடுடா!” என்று என் பக்கத்து இருக்கைக்காரர் ஒவ்வொரு முறையும் எழுந்து நிற்கிறார். நல்ல மனிதர், முப்பது வருடமாகக் காற்பந்து பார்க்கிறவர். அவருக்கு அது கோழைத்தனமாகத் தெரிகிறது. எனக்கு அது அந்தத் திடலிலேயே தைரியமான காரியமாகத் தெரிகிறது.

அடுத்த ஆட்டத்தில் பந்தைப் பார்க்காதீர்கள். பந்து அவரிடம் வருவதற்கு மூன்று நான்கு விநாடிக்கு முன்பிருந்து அவர் தலையை மட்டும் பாருங்கள். வலது தோளுக்கு மேல் ஒருமுறை, இடது தோளுக்கு மேல் ஒருமுறை, பந்து காலை நெருங்கும்போது மறுபடியும் ஒருமுறை. முதுகுக்குப் பின்னால் எதிரணி ஆள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்பது அதற்குள் அவருக்குத் தெரிந்துவிடும். ஆள் தள்ளி நின்றால் உடம்பைத் திருப்பி முன்னால் போவார். ஒட்டி நின்றால் பின்னால் போடுவார். அந்தப் பாஸின் வேகத்தையும் கவனியுங்கள். பயந்தவன் போடுகிற பந்து சோம்பி உருளும். இவர் போடுவது விர்ரென்று, தற்காப்பாளரின் தூரத்துக் காலைத் தேடிப் போகிறது. வாங்குபவர் ஒரே தொடுதலில் திரும்பி விளையாட அந்தக் காலில்தான் பந்து வேண்டும்.

அதற்குப் பிறகு நடப்பதுதான் நாம் கத்திக்கொண்டே தவறவிடும் பகுதி. பந்து பின்னால் போனதும் எதிரணியின் முன்வரிசை அதைத் துரத்துகிறது. முன்வரிசை ஓடினால் அவர்களுடைய மத்தியத் திடலும் பின்தொடர்ந்து ஏறியாக வேண்டும். ஆனால் அவர்களின் கடைசித் தற்காப்பு வரிசை அவ்வளவு துணிச்சலாக ஏறுவதில்லை; தலைக்கு மேல் நீளப் பந்து வந்துவிடுமோ என்ற அச்சம் அவர்களுக்கு. ஆகவே இரண்டு வரிசைக்கும் நடுவே பத்து, பதினைந்து மீட்டர் வெற்றிடம் பிறக்கிறது. மூன்றாவது பாஸ் அங்கே போகிறது. இந்தப் பருவத்தில் நாம் எழுந்து நின்று கைதட்டிய கோல்களின் காணொளியை எடுத்து, கடைசி உதையிலிருந்து பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள். நான் பார்த்த வரையில் நல்ல கோல்களில் பெரும்பாலானவற்றின் வேரில் நாம் ஏசிய ஒரு பின்பாஸ் இருக்கிறது. கோல் அடித்தவருக்குப் பாராட்டு, அதற்கு முந்தைய பாஸ் கொடுத்தவருக்கும் பாராட்டு. இரையைப் போட்டு எதிரணியை வெளியே இழுத்தவருக்கு ஏச்சு.

ரசிகர்களை நான் குற்றம் சொல்லிவிட்டு நகரப் போவதில்லை. பின்பாஸ் மேல் நமக்கு இருக்கும் கோபத்துக்கு நியாயமான வரலாறு உண்டு. 1990 இத்தாலி உலகக் கிண்ணத்தைப் பார்த்தவர்களுக்கு அது நினைவிருக்கும். 52 ஆட்டங்களில் 115 கோல்கள், சராசரியாகப் பார்த்தால் உலகக் கிண்ண வரலாற்றிலேயே மிகக் குறைவு. முன்னிலை பெற்ற அணி பந்தைக் கோல் காவலருக்குப் பின்னால் தட்டும். அவர் கையில் எடுத்து, ஆறஅமர உருட்டிவிட்டு, மறுபடி வாங்கி, மறுபடி எடுப்பார். அந்தக் காலத்தில் பின்பாஸ் என்றால் நேரத்தைத் தின்பது, அவ்வளவுதான். 1992-ல் விதி மாறியது. சக ஆட்டக்காரர் வேண்டுமென்றே காலால் தரும் பந்தைக் கோல் காவலர் கையால் தொடக் கூடாது என்றானது. அன்றோடு பின்பாஸ் ஒளிந்துகொள்ளும் இடமாக இல்லாமல் போய், ஆபத்தான வேலையாக மாறிவிட்டது. 2019-ல் இன்னொரு திருத்தம். கோல் உதையில் பந்து தண்டனைப் பகுதியைத் தாண்டும்வரை காத்திருக்க வேண்டாம், பகுதிக்குள்ளேயே சக ஆட்டக்காரர் வாங்கலாம் என்றார்கள். எதிரணியைத் தன் கோல் வாசல்வரை வரவழைத்து அதன் முதுகுக்குப் பின்னால் விளையாடும் இன்றைய பாணிக்கு அந்தத் திருத்தம் பெரிய கதவைத் திறந்துவிட்டது. விதி இரண்டு முறை மாறி, பின்பாஸின் வேலையே தலைகீழாகிவிட்டது. நம் கூச்சல் மட்டும் 1990-லேயே நிற்கிறது.

தோட்டத்துத் திடல்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. ரினி, கூலாய் பெசார் என்று இந்தச் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பந்து விளையாடி வளர்ந்த தலைமுறைதான் நமக்குக் காற்பந்து பார்க்கச் சொல்லிக்கொடுத்தது. ஒரு பக்கம் சரிந்த திடல், நடுவே செம்மண் மொட்டை, மழை விட்ட பிறகு கோல் வாயிலில் குளம். அப்படிப்பட்ட இடத்தில் பின்னால் போட்ட பந்து பாதி வழியில் நின்றுவிடும், எதிராளி வந்து தட்டிவிட்டுப் போவான். “தூக்கி அடி” என்பது அங்கே மிகச் சரியான பாடம். பாடம் கொடுத்தவர்கள் அறிவாளிகள். அந்த மண்ணை மனதில் வைத்துக் கொடுத்தார்கள்.

இன்றைய தடுமாற்றத்துக்கும் மண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நமக்குப் பத்து நிமிடத் தொலைவில், இஸ்கண்டார் புத்ரியில் 2020-ல் திறக்கப்பட்ட சுல்தான் இப்ராஹிம் அரங்கத்தின் திடலில் ‘ஸியோன் ஸொய்சியா’ வகைப் புல் போடப்பட்டிருக்கிறது. இலை மெல்லியது, நெருக்கமாக வளரும், கட்டையாக வெட்டினாலும் தாங்கும். பந்து வழுக்கிக்கொண்டு ஓடும். கடும் விமர்சனத்துக்குப் பிறகு புக்கிட் ஜாலில் தேசிய அரங்கத்திலும் அதே வகைக்கு மாறினார்கள். ஆனால் நாட்டின் எத்தனையோ திடல்களில் இருப்பது ‘கவ் கிராஸ்’ என்று நாம் சொல்லும் அகன்ற இலைப் புல். மாலை மழை பெய்து அது நனைந்துவிட்டால் பந்து இழுக்கும், குதிக்கும், நினைத்த நேரத்தில் வந்து சேராது.

ஒரே பாஸ், ஒரே வேகம். ஸொய்சியாவில் நம் மத்தியத் திடல்காரர் காலுக்கு வரும்போது மூன்றாவது முறை தலையைத் திருப்பிப் பார்க்க நேரம் இருக்கும். நனைந்த கவ் கிராஸில் பந்து குதிக்குமோ நிற்குமோ என்று கண் பந்தின் மேலேயே ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது பார்வை போய்விடும், பல நேரம் இரண்டாவதும் போய்விடும். பின்னால் ஆள் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமலே முடிவெடுக்க வேண்டிய நிலை. பின்பாஸின் வேகமும் புல்லில் செத்துவிடுவதால், இரையைத் துரத்தி வந்த எதிரணி இரையோடு பந்தையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. நம் அணியின் மோசமான ஆட்டங்கள் எந்தெந்தத் திடல்களில் நடந்தன, அன்று மழை பெய்ததா என்று யோசித்துப் பாருங்கள். மனம் வாரத்துக்கு வாரம் மாறுகிறது என்று நாம் பேசிக்கொண்டிருக்கும்போது, மாறிக்கொண்டிருந்தது அவர் கழுத்துக்குக் கிடைத்த அரை விநாடி.

வெப்பத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பூமத்திய ரேகைக்கு ஒன்றரை பாகை வடக்கே, இரவு 9 மணி ஆட்டத்திலும் சட்டை உடம்போடு ஒட்டும் ஈரக்காற்றில், தொண்ணூறு நிமிடமும் முன்னால் பாய்கிற அணி எழுபதாவது நிமிடத்தில் நடக்க ஆரம்பித்துவிடும். இங்கே ஓய்வு பந்தோடு எடுத்தால்தான் உண்டு. பந்தில்லாமல் எடுக்கிற ஓய்வு கோலில் முடியும். 2014 பிரேசில் உலகக் கிண்ணத்திலிருந்து தண்ணீர் இடைவேளை வந்தது, 2020-லிருந்து ஐந்து மாற்று ஆட்டக்காரர்களை இறக்க முடிகிறது. அவை உதவும். ஆனால் ஓர் அணி மூச்சு வாங்கும் இடம் அந்தப் பின்பாஸ்கள்தான். அதை நிறுத்து என்று கத்துகிறவர்களேதான் கடைசிப் பதினைந்து நிமிடத்தில் “உணர்வு போச்சு” என்கிறார்கள்.

மெல்பர்னில் படித்துவிட்டு வந்த ஒரு தம்பி சொன்னதும் இங்கே பொருந்துகிறது. ஆஸ்திரேலிய விதிக் காற்பந்தில் நீள்வட்டத் திடல், அணிக்கு 18 பேர், ஆஃப்சைடு கிடையாது. உதைத்த பந்து 15 மீட்டராவது பறந்து ஒருவர் கையில் சுத்தமாக விழுந்தால் அவர் இடையூறில்லாமல் அடுத்த உதையை எடுக்கலாம். ஆகவே நெருக்கடியில் இருப்பவர் பக்கவாட்டில் ஒரு சின்ன உதை கொடுத்து பந்தைக் காப்பாற்றுவார். அங்கேயும் அரங்கம் முனகுமாம், அங்கேயும் ஏறி இறங்கும் அணியைப் பற்றி “உணர்வே இல்லை” என்றுதான் விவாதமாம். பந்தும் விதியும் வேறாக இருந்தும் பொறுமைக்கு எங்கேயும் ரசிகன் கைதட்டுவதில்லை.

ஆனால் நம் கூச்சல் முனகலோடு நிற்பதில்லை, அது திடலுக்குள் இறங்கி விளையாடுகிறது. இதைத்தான் நான் வருத்தத்தோடு எழுதுகிறேன். முதல் இருபது நிமிடத்தில் நான்கைந்து முறை உறுமல் கேட்ட பிறகு நம் மத்தியத் திடல்காரர் மாறிவிடுவதை யாரும் பார்க்கலாம். தலை திரும்புவது குறைகிறது. ஆள் ஒட்டி நிற்கும்போதும் முன்னால் குத்துகிறார். பந்து நெரிசலில் மாட்டுகிறது, எதிரணி பறிக்கிறது. அந்த நேரத்தில் நம் ஆறேழு பேர் பந்துக்கு முன்னால் நிற்பதால் பின்னால் திறந்த வெளி. எல்லோரும் தலைதெறிக்கத் திரும்பி ஓடுகிறார்கள், எட்ட முடியவில்லை. தொலைக்காட்சி அந்தக் களைத்த முகங்களை நெருக்கத்தில் காட்டுகிறது. பார்த்தீர்களா, செமாங்காட் இல்லை என்கிறோம். அவரிடமிருந்த சரியான முடிவைப் பறித்தவர்கள் நாம்.

குறை சொல்ல வேண்டுமென்றால் இடது பக்கத்தைச் சொல்வேன். பந்து பின்னால் போகும் அந்த நொடியில் இடது தற்காப்பாளர் எல்லைக்கோட்டை ஒட்டி அகன்று, பத்து மீட்டராவது ஏறியிருக்க வேண்டும். வலது பக்கத்தில் அது சரியாக நடக்கிறது. இடது பக்கத்தில் அவர் நின்ற இடத்திலேயே நின்று பார்க்கிறார். பின்பாஸ் வாங்கியவருக்கு ஒரு வழி அடைபடுகிறது, வேறு வழியின்றி நீளமாகத் தூக்கி அடிக்கிறார். அது எதிரணித் தலைக்குப் போகிறது. பழி மட்டும் முதலில் பின்னால் போட்டவர் மேல் விழுகிறது. பயிற்சியில் திருத்தக்கூடிய பிழை இது, இரண்டு வாரம் போதும். பயிற்றுநர் ஏன் இன்னும் திருத்தவில்லை என்று கேட்டால் அந்தக் கேள்வியோடு நானும் சேர்ந்துகொள்வேன்.

இனி என்ன நடக்கும்? அடுத்த சில ஆட்டங்களுக்குள் அந்த மத்தியத் திடல்காரரை மாற்று ஆட்டக்காரர் இருக்கையில் உட்கார வைப்பார்கள். அழுத்தம் அந்த அளவுக்கு வந்துவிட்டது. அவர் இடத்தில் ஓடுகிற, மோதுகிற, மஞ்சள் அட்டை வாங்குகிற ஒருவர் வருவார். முதல் இரண்டு ஆட்டங்களில் வெற்றியும் கிடைக்கும், ஏனென்றால் எதிரணிகள் இன்னும் பழைய ஆட்டத்துக்குத்தான் தயாராகி வரும். உணர்வு திரும்பிவிட்டது என்று மாமாக் கடையில் தே தாரிக் ஆறும்வரை பேசுவோம். மூன்றாவது ஆட்டத்தில் எதிரணி ஏறி வரவே வராது. தன் பாதியில் உட்கார்ந்துகொண்டு, நாம் தூக்கி அடிக்கும் பந்துகளைத் தலையால் திருப்பிக்கொண்டிருக்கும். இழுத்து வெளியே கொண்டுவர நம்மிடம் ஆள் இருக்காது.

வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் நிலைமை கடுமையாகும். ஆண்டிறுதி வெளியாட்டங்கள் நனைந்த கவ் கிராஸில் நடக்கும். அங்கே அவர்கூடத் திணறுவார், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த ஆட்டங்களில் அவரை இறக்காமல் விட்டால் நான் கோபப்பட மாட்டேன். ஆனால் நல்ல புல்லில், ஏறி வந்து நெருக்குகிற பலமான அணிக்கு எதிராக, பருவத்தின் கடைசிக் கட்டத்தில் அவர் இல்லாமல் நாம் ஜெயிக்க மாட்டோம். பயிற்றுநருக்கும் இது தெரியும் என்று நம்புகிறேன். கிண்ண ஆட்டம் ஒன்றின் இடைவேளைக்குப் பிறகு அவரை எழுப்பி அனுப்புவார்கள் என்பது என் கணிப்பு. இடது தற்காப்பாளர் அதற்குள் அகன்று நிற்கப் பழகியிருந்தால் அரையிறுதி வரை போவோம். பழகவில்லை என்றால் காலிறுதியோடு சரி, அதுவும் இடது பக்கத்திலிருந்து வரும் ஒரு கோலால்.