பயனெட்டைத் தடுத்த கை

ஒருவர் தரையில் சாய்ந்து செத்துக்கொண்டிருக்கிறார். வெள்ளை உடை, வெளிறிய முகம். காலில் செருப்புகூட இல்லாத ஒரு படைவீரன் அவரைத் தாங்கியபடி, எதிரே வரும் பயனெட்டைத் தள்ளிவிடப் பார்க்கிறான். பயனெட்டை நீட்டுபவன் சிவப்புக் கோட்டு போட்ட பிரிட்டிஷ் சிப்பாய். அதே சிவப்புக் கோட்டில் ஓர் அதிகாரி குறுக்கே வந்து அந்தத் துப்பாக்கியைக் கையால் பிடித்து நிறுத்துகிறார். பின்னால் புகை, கொடிகள், இருண்ட வானம். இவ்வளவு கலவரத்துக்கு நடுவிலும் நம் கண் போய் நிற்பது அந்தக் கையில்தான்.

ஜான் ட்ரம்புல் 1786இல் வரைந்த 'பங்கர் குன்றுப் போரில் ஜெனரல் வாரனின் மரணம்' என்ற ஓவியம் இது. மூலம் யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் இருக்கிறது. புகழுக்குப் பொருந்தாத சின்ன அளவு: சுமார் இரண்டடி உயரம், மூன்றடி அகலம். நல்ல தெளிவான படம் இணையத்தில் கிடைக்கிறது. பெரிதாக்கிப் பாருங்கள், தூரிகையின் வேகம்கூடத் தெரியும்.

அமெரிக்க விடுதலைப் போரைப் பற்றி வரையப்பட்டவற்றில் எனக்கு மிகப் பிடித்த ஓவியம் இது. அதனாலேயே இதோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது.

முதலில் போர். 1775 ஜூன் 16 இரவு, கர்னல் வில்லியம் பிரெஸ்காட் தலைமையில் ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட குடியேற்ற நாட்டவர் பாஸ்டனுக்கு எதிரே இருந்த சார்ல்ஸ்டவுன் தீபகற்பத்துக்குள் போனார்கள். உத்தரவு பங்கர் குன்றில் அரண் கட்டச் சொன்னது. அவர்கள் கட்டியதோ பாஸ்டனுக்கு இன்னும் நெருக்கமாக இருந்த ப்ரீட் குன்றில். சண்டை பெரும்பாலும் நடந்ததும் அங்கேதான். பெயர் மட்டும் பக்கத்துக் குன்றுக்குப் போய்விட்டது. விடிந்ததும் ஒரே இரவில் முளைத்த மண் அரணைப் பார்த்த பிரிட்டிஷ் கப்பல்கள் சுட ஆரம்பித்தன. மதியத்துக்கு மேல் ஜெனரல் வில்லியம் ஹவ் படையோடு கரையிறங்கினார். சார்ல்ஸ்டவுன் ஊரே தீப்பிடித்து எரிந்தது. வரிசையாக மேலேறிய பிரிட்டிஷ் படை இரண்டு முறை சிதறி இறங்கியது. மூன்றாவது முறை மேலே இருந்தவர்களிடம் வெடிமருந்து தீர்ந்துபோனது. அரண் விழுந்தது.

கணக்கில் பிரிட்டன் ஜெயித்தது. ஆனா அந்தக் கணக்கைக் கொஞ்சம் பாருங்க: 226 பேர் சாவு, 828 பேர் காயம். மொத்தம் 1,054. களத்தில் இறங்கியவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். தோற்ற தரப்பில் இறந்தவர்கள், காயம்பட்டவர்கள், பிடிபட்டவர்கள் எல்லோரையும் சேர்த்தால் சுமார் 450. அங்கே இருந்த ஜெனரல் கிளின்டனே இன்னொரு வெற்றி இப்படிக் கிடைத்தால் நாம் அழிந்தோம் என்ற பொருளில் எழுதிவைத்தார். விவசாயிகளும் கைவினைஞர்களும் முறையான ராணுவத்தின் முன்னால் நிற்க முடியும் என்பது அன்று தெரிந்துபோனது. போரின் தொடக்கத்திலேயே நடந்த இந்தத் தோல்வி, தோற்றவர்களுக்குத்தான் தெம்பு கொடுத்தது.

தரையில் சாய்ந்திருப்பவர் டாக்டர் ஜோசப் வாரன், வயது 34. மாசசூசெட்ஸ் மாகாணப் பேரவையின் தலைவர். ஏப்ரல் 18 இரவு பால் ரெவேரைக் குதிரையில் ஏற்றிச் சேதி சொல்ல அனுப்பியவர். போருக்கு மூன்று நாள் முன்னால் மேஜர் ஜெனரலாக நியமிக்கப்பட்டார். ஆனாலும் களத்துக்கு வந்தவர் கட்டளையிட மறுத்து, சாதாரணத் தொண்டராகத் துப்பாக்கியோடு அரணுக்குள் நின்றார்.

அவர் செத்தது ஓவியத்தில் இருப்பதுபோல் இல்லை. முகத்தில் குண்டு பாய்ந்து அங்கேயே உயிர் போயிற்று. மடியில் சாய்ந்து விடைபெற நேரமே இருந்திருக்காது. உடலை இன்னொருவரோடு சேர்த்து ஒரே குழியில் போட்டு மூடினார்கள். அதைச் செய்த பிரிட்டிஷ் அதிகாரி அதைப் பற்றிக் கடிதத்தில் ஏளனமாகவே எழுதியிருக்கிறார். 1776 மார்ச்சில் பிரிட்டிஷ் படை பாஸ்டனை விட்டுப் போன பிறகு, ஏப்ரலில் உடலைத் தோண்டி எடுத்தார்கள். முகத்தை வைத்து அடையாளம் காண முடியவில்லை. தான் கட்டிக்கொடுத்த பொய்ப்பல்லைப் பார்த்துச் சொன்னவர் அதே பால் ரெவேர்.

வரலாற்று ஓவியங்கள் உண்மையை மாற்றுவது புதிதில்லை. ட்ரம்புல் இஸ்ரேல் பட்னமை அரணுக்குள்ளேயே நிறுத்துகிறார். நிஜத்தில் அவர் பின்னால் இருந்த குன்றில் ஆள் திரட்டிக்கொண்டிருந்தார். வெவ்வேறு நேரத்து மரணங்களை ஒரே நொடியில் திணிக்கிறார். இதெல்லாம் அந்தக் கலை வடிவத்தின் இலக்கணம், மன்னித்துவிடலாம். என் கேள்வி வேறு. குழியில் தள்ளி ஏளனம் செய்த அதிகாரியின் இடத்தில், பயனெட்டைத் தடுக்கும் அதிகாரி எப்படி வந்தார்?

பதிலுக்கு ஓவியரிடம் போக வேண்டும். ட்ரம்புல் கனெக்டிகட் ஆளுநரின் மகன். போர் நடந்த அன்று அவரும் கிளர்ச்சிப் படையில்தான் இருந்தார். ஆனால் ராக்ஸ்பரியில், தூரத்திலிருந்து புகையையும் நெருப்பையும் பார்த்தவராக. கொஞ்ச நாள் வாஷிங்டனின் உதவியாளராக இருந்தார். 1780இல் ஓவியம் படிக்க லண்டன் போனபோது, அமெரிக்கர்கள் மேஜர் ஆந்த்ரேயைத் தூக்கிலிட்டதற்குப் பதிலடியாகப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். பிறகு விடுதலை. போர் முடிந்ததும் மறுபடி லண்டன், பெஞ்சமின் வெஸ்ட்டின் ஓவியக்கூடம். வெஸ்ட் அமெரிக்காவில் பிறந்தவர், மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் வரலாற்று ஓவியர். யாரை எதிர்த்துப் போர் நடந்ததோ அந்த மன்னரின் ஓவியரிடம் உட்கார்ந்துதான் இந்த ஓவியம் வரையப்பட்டது.

வெஸ்ட் 1770இல் வரைந்த 'ஜெனரல் வுல்ஃபின் மரணம்' பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வாய்ப்பாடு புரியும்: சாயும் தளபதி, தாங்கும் கைகள், சாய்வாக நிற்கும் கொடி. சிலுவையிலிருந்து இறக்கிய இயேசுவின் சாயல். ட்ரம்புல் அதைக் கற்றுக்கொண்டு, ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்தார்: எதிரியின் கருணை. தடுக்கும் அதிகாரி மேஜர் ஜான் ஸ்மால், நிஜ மனிதர். வீரத்துக்கு நிகராக எதிரிகளிடம் காட்டிய மனிதநேயத்துக்கும் பேர்போனவர் என்று ட்ரம்புல் பின்னாளில் விளக்கம் கொடுத்தார். இருக்கலாம். ஆனா சந்தையையும் யோசிக்கணும். இதை அச்சுப்படமாக விற்க வேண்டும், 1798இல் அது வெளிவரவும் செய்தது. வாங்குபவர்கள் அட்லாண்டிக்கின் இரண்டு கரையிலும் இருந்தார்கள். இரு தரப்பும் தலைகுனியாமல் பார்க்க ஏற்ற ஒரே இடம் அந்தக் கை.

அதற்கான விலையைக் கொடுப்பது யார்? சாதாரணச் சிப்பாய். ஓவியத்தில் கொடூரம் முழுக்க அவன் கணக்கில், கருணை முழுக்க அதிகாரி கணக்கில். நிஜத்தில் அந்தச் சிப்பாயை மூன்று முறை குன்றின் மேல் ஏற்றியது அதிகாரிகளின் உத்தரவு. போர் என்பது கனவான்களுக்குள் நடந்த வருந்தத்தக்க தகராறு, ரத்தவெறி எல்லாம் கீழ்மட்டத்தின் கோளாறு என்று ஓவியம் மெதுவாக நம்மிடம் சொல்லிவிடுகிறது. அழகாகச் சொல்வதால் நாமும் தலையாட்டிவிடுகிறோம்.

இப்போது கண்ணை வலது ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். லெப்டினன்ட் தாமஸ் க்ரோவ்னர், இளைஞர், கையில் காயம். அவருக்குப் பின்னால் பாதி மறைந்தபடி, துப்பாக்கியோடு ஒரு கறுப்பினத்தவர். க்ரோவ்னரின் மனப்போராட்டத்தை ட்ரம்புல் விரிவாக எழுதுகிறார்: பின்வாங்கப் போனவர், தளபதி விழுவதைப் பார்த்து, உயிர் தப்புவதா, காயத்தோடு திரும்பி உதவுவதா என்று தயங்குகிறாராம். பின்னால் நிற்பவருக்கு விசுவாசமானவர் என்ற ஒரு அடைமொழி, அவ்வளவுதான். பெயர் கிடையாது, தயக்கமும் கிடையாது. நீண்ட காலம் அவரைப் பீட்டர் சேலம் என்று நம்பினார்கள். மேஜர் பிட்கேர்னைச் சுட்டவர் என்று மரபு சொல்லும் முன்னாள் அடிமை அவர். இன்று ஆய்வாளர்கள் அவரை க்ரோவ்னரின் பணியாள் என்றே கருதுகிறார்கள். 1855இல் வில்லியம் கூப்பர் நெல் என்ற கறுப்பின வரலாற்றாசிரியர், பிற்கால அச்சுப்படங்களில் அந்த உருவமே காணாமல் போய்விட்டது என்று குறிப்பிட்டார்.

அன்று குன்றில் சண்டையிட்ட கறுப்பினத்தவர்களில் சேலம் பூர் ஒருவர். 1769இல் 27 பவுண்டு கொடுத்துத் தன் விடுதலையைத் தானே வாங்கியவர். 1775 டிசம்பரில் பிரெஸ்காட் உட்பட 14 அதிகாரிகள் அவரது வீரத்தைப் பாராட்டி மாகாண அவைக்கு மனு எழுதினார்கள். சரி, அவர் என்ன செய்தார்? விவரம் எழுதினால் அலுப்பாகிவிடும் என்று அந்த மனுவே சொல்லி முடித்துக்கொள்கிறது! அதற்கு முந்தைய மாதம்தான் வாஷிங்டனின் படை கறுப்பினத்தவரை இனிச் சேர்ப்பதில்லை என்று உத்தரவு போட்டிருந்தது. தங்கள் பக்கம் வந்து சண்டையிடும் அடிமைகளுக்கு விடுதலை என்று வர்ஜீனியாவின் பிரிட்டிஷ் ஆளுநர் டன்மோர் அறிவித்ததும் அதே நவம்பரில்தான். ஆண்டு முடிவதற்குள் வாஷிங்டன் தன் தடையை ஓரளவு தளர்த்தினார்.

பிற்பாடு இவர்கள் என்ன ஆனார்கள்? பீட்டர் சேலம் 1816இல் ஃப்ரேமிங்ஹாமின் ஏழைகள் விடுதியில் இறந்தார். அந்த நேரத்தில், அதே குன்றில் பிரிட்டிஷ் பக்கம் நின்று சண்டையிட்ட இளம் அதிகாரி ராடன் கல்கத்தாவில் இருந்தார், இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக. மராத்தியர் மீதான கடைசிப் போரை நடத்திய ஹேஸ்டிங்ஸ் பிரபு அவர்தான். ஒரு சாம்ராஜ்யத்துக்கு ஒரு குன்றில் பட்ட அடி எவ்வளவு சின்னது என்று புரிகிறதா?

இவ்வளவு குறை சொல்லியும் ஓவியத்தை ஏன் விடமுடியவில்லை? வாஷிங்டன் நகரின் கேபிடல் வட்ட மண்டபத்தில் ட்ரம்புல் பிற்காலத்தில் வரைந்த 'சுதந்திரப் பிரகடனம்' இருக்கிறது. பதினெட்டடி அகலம். எல்லோரும் ஒழுங்காக நிற்கிறார்கள், யாருக்கும் எதிலும் சந்தேகமில்லை. குழுப் புகைப்படத்துக்கு நிற்பதுபோல. பங்கர் குன்றை வரைந்தபோது அவருக்கு வயது முப்பது. எந்தப் பக்கம் முழுசாகச் சாய்வது என்று தெரியாத இளைஞர். வென்ற நாட்டின் ஓவியர், தோற்ற நாட்டில் பிழைப்பு. அந்த நடுக்கம்தான் கொடிகளின் சாய்விலும் புகையின் வேகத்திலும் இருக்கிறது. 1786இல் இதைப் பார்த்த அபிகெய்ல் ஆடம்ஸ் தன் ரத்தமே நடுங்கியதாக எழுதினார். வாரன் அவர்கள் குடும்ப மருத்துவர். போர் நடந்த அன்று ஏழு வயது மகனோடு தூரத்துக் குன்றில் நின்று அந்தப் புகையைப் பார்த்தவர் அவர். அந்த நடுக்கத்தைப் பொய் என்று சொல்ல என்னால் முடியாது.

பயனெட்டைத் தடுத்த கை ட்ரம்புல் நம்ப விரும்பியது. வலது ஓரத்தில் பாதி மறைந்து நிற்பவரை அவர் ஏன் வரைந்தாரோ, பகட்டுக்கோ, வழக்கத்துக்கோ, எப்படியோ வரைந்துவிட்டார். அச்சில் அழித்தவர்களால் மூலத்தில் கை வைக்க முடியவில்லை. அவர் இன்னமும் அங்கே நிற்கிறார், துப்பாக்கியைக் கீழே வைக்காமல்.