சூரியன் மேலே போய் விழுகிறது

பின்னிஷ் மொழியில் அஸ்தமனத்துக்கு 'அவுரிங்கோன்லஸ்கு' என்று பெயர். அவுரிங்கோ சூரியன், லஸ்கு இறக்கம். அந்தச் சொல்லின் கண் வானத்தில் இருக்கிறது.

எங்க பக்கம் கதை வேறு. தாமிரபரணி மேற்கே பொதிகையில் பிறந்து, கிழக்கே புன்னைக்காயலில் கடல் சேர்கிறது. நிலம் சரிகிற இந்த வாக்கில்தான் மேல் மேற்காகவும் கீழ் கிழக்காகவும் ஆயின. ஆக, எங்கள் சூரியன் கீழேயிருந்து கிளம்பி மேலே போய் விழுகிறது. 'மேக்க பொழுது அடஞ்சிட்டு' என்று சொல்லும்போது பாதி வாக்கியம் மண்ணைப் பற்றியது.

இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் இந்தத் திசைச் சொற்களைக் கவனித்திருக்கிறார். பின்னிஷ் உள்ளிட்ட 'சித்திய' மொழிகளோடு திராவிட மொழிகளை உறவுபடுத்தியதும் அதே நூல்தான். இன்றைய மொழியியல் அந்த உறவை ஏற்பதில்லை. உறவு போச்சு, கவனிப்பு நிற்கிறது.

நம் கவிஞர்களிடம் இந்தக் கவனிப்பு உண்டா? 'கடலில் மூழ்கும் சூரியனை' நெல்லைச் சீமையிலிருந்தும் எழுதுகிறார்கள். எந்தக் கடலில்? திருச்செந்தூரில் அந்திச் சூரியனைப் பார்க்க வேண்டுமானால் கடலுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். தொல்காப்பியம் நெய்தலுக்குத் தந்த சிறுபொழுது எற்பாடு. எல் படும் வேளை என்று அதைப் பிரித்தால், சேரக் கரையில் அது கடற்காட்சி. கொற்கைக் கரையில் நிலக்காட்சி. ஒரே திணைக்குள் இரண்டு பார்வைகள். இந்த வித்தியாசத்தை அழித்துப் பொது அஸ்தமனம் ஒன்றைத் தயாரிப்பது காலண்டர் படத்தின் வேலை.

பாபநாசத்தில் பஞ்சாங்க நேரத்துக்கு முன்பே மலை சூரியனை எடுத்துக்கொள்கிறது. வானம் வெளுத்துக் கிடக்க, வயலில் நிழல் விழுந்துவிடும். ஹெல்சிங்கியின் கோடையில் சூரியன் சாய்வாக இறங்குவதால் அந்தி நீளும். இங்கே செங்குத்தாக இறங்கி அரை மணியில் இருட்டிவிடும். இதை எழுத இரவல் படிமம் எதற்கு?

ஆனால் மண்ணின் சொல் என்று கொண்டாடி நிறுத்திக்கொள்ளவும் முடியாது. திசையைச் சொன்ன அதே மேலும் கீழும்தான் சாதிக்கும் பெயராயின. ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியான ஸ்ரீவைகுண்டத்துக்குத் தண்ணி மேலேயிருந்துதான் வந்தாகணும். அது நிலத்தின் சரிவு. மனுசருக்குள் அப்படியொரு சரிவு கிடையாது. நிலத்திடமிருந்து இரண்டு சொற்களைக் கடன் வாங்கி, ஏற்றத்தாழ்வை இயற்கை மாதிரி காட்டியது சாதி. அந்தியை எழுதுகிறவர் இந்தக் கடனையும் சேர்த்து எழுதட்டும்.